எச்சரிக்கை எந்த மொழியில்?

கடற்கரையிலே பிறந்தவனுக்கு மலையிலே என்ன வேலை என்று ஒலுவில் நண்பர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. கடலை நம்பி வாழும் ஊரிலிருந்து ஏழு பேர் புறப்பட்டுப் போய், தேயிலைத் தோட்டத்து மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டு, இடிக்கு அஞ்சி ஒரு லயத்து விறாந்தையில் ஒதுங்கி நின்ற கதையை அரசியல் ஏட்டிலே எழுதுவானேன் என்று இனி வாசகரும் கேட்கக்கூடும். அந்த விறாந்தையிலே ஒரு கடதாசியைப் படிக்க நேர்ந்தது. அதன் பொருட்டே எழுதுகிறேன்.

மலையகத்திலே பெக்கோ நடைபாதை என்று ஒன்று திறக்கப்பட்டிருப்பதை வாசகர் அறிவர். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, தோட்டங்களுக்கு ஊடாகச் சுற்றிச் சுற்றிச் சென்று, நுவரெலியாவில் முடிவது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், இருபத்திரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு பகற்பொழுதில் நடந்து முடிக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பொருள் தந்து உதவின. பெக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். பாதை புதிதன்று, பெயர்தான் புதிது. கொழுந்துக் கூடை சுமந்தவர்களும், துரைமார் குதிரைகளும், தொழிற்சாலை வண்டிகளும் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்து தேய்த்த வழிகளையே ஒன்றோடொன்று கோத்து, கம்பம் நட்டு, வெளிநாட்டாரை அழைத்திருக்கின்றனர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல பாதை. நடக்க வேண்டிய பாதை.

சென்ற 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இதன் இரண்டாம் கட்டத்தை, அதாவது கலஹாவிலிருந்து லூல்கந்துர வரையுள்ள பகுதியை, நடப்பதென்று தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்பதிலும் தீர்மானித்தேன் என்பதே பொருந்தும். ஊர்ச் சங்கத்து இளைஞர்களுக்கு மலையகத்தைக் காட்ட வேண்டும், தமிழ் பேசும் மக்கள் என்று மேடையில் முழங்கும் போது அந்தச் சொல்லுக்குள் அடங்கியவர் யாவர் என்பதை அவர்கள் கண்ணாலே காண வேண்டும் என்பது என் எண்ணம். ஆசிரியர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் மூவர், துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் மீனவர் இருவர், அடியேன். அம்பாறை வழியாக மகியங்கனை சென்று, பதினெட்டு வளைவு ஏறி, வைகறையில் கண்டி சேர்ந்து, சுபஹுத் தொழுகை முடித்துக் கலஹாவுக்குப் பஸ் ஏறினோம்.

லூல்கந்துரவை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டது அங்கேதான். இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிராக வேரூன்றிய இடம் அது. அடுத்த இரண்டாண்டில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றிக்கொள்ள, தீவின் பொருளாதாரமே அந்தப் பத்தொன்பது ஏக்கரைப் பார்த்துத் திரும்பியது. டெயிலரைத் தொழிலாளர் சாமி துரை என்று அழைத்ததாகச் சொல்வர். அவருடைய குடிலின் புகைக்கூண்டு எச்சம் இன்றும் நிற்கிறது. அவர் அமர்ந்து மலை பார்த்த கல் ஆசனம் இருக்கிறது. 1892இல் இறந்த அவருக்குக் கண்டி மகையாவையில் கல்லறையும் கல்வெட்டும் உண்டு. அவர் நட்டார் என்று நூல்கள் எழுதுகின்றன. குழி வெட்டியவர் பெயர் ஒன்றுகூட எந்தக் கல்லிலும் இல்லை.

அவர்கள் எப்படி வந்தார்கள்? அதுவும் ஒரு நெடுநடைதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். தாகத்திலும் வாந்திபேதியிலும் வழியோரம் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. இருநூறு ஆண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலே தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையிலே முடிந்த நினைவுப் பயணத்திலே பலர் அதே வழியை மீண்டும் நடந்தனர். அந்த நடைபாதைக்குக் கம்பமும் இல்லை, வரைபடமும் இல்லை.

இனி மழைக்கு வருவோம்.

காலை எட்டு மணிக்குக் கலஹாவிலே வானம் கழுவிவிட்ட பீங்கான் போல் இருந்தது. ஒரு மேகம் இல்லை. மீனவர் இருவரில் மூத்தவர் என்னிடம், "லோயர் காக்கா, வானம் வெளிச்சமாக் கிடக்கு. மழை எண்டா ஒரு பக்கத்தால இருட்டிக்கிட்டு வரணும். ஒரு பக்கமும் இருட்டில்லையே" என்றார். கடலைப் பற்றி அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. கச்சான் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும் என்பதை வானொலிக்கு முன்னே சொல்லக்கூடியவர். ஆயினும் மலையின் வழக்கு வேறு. இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஒக்டோபர் மாதத்திலே மழை எங்கிருந்தும் வருவதில்லை. இருந்த இடத்திலேயே பிறக்கிறது. காலை வெயிலில் சரிவுகள் சூடேறுகின்றன. கீழைக் கரையிலிருந்தும் மேலைக் கரையிலிருந்தும் கடற்காற்று உள்நாடு நோக்கி ஏறி வந்து மலைமுடிகளில் ஒன்றையொன்று முட்டுகிறது. ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து, நண்பகலுக்குள் மேகமாகி, பிற்பகலில் இடியோடு இறங்குகிறது. ஆகவே, அன்றைய தெளிந்த காலையே பிற்பகல் மழைக்கு முன்னறிவித்தல். ஒலுவிலிலே எங்கள் முகத்திற்கு இதமாக வீசும் காற்றே அங்கே இடிமேகத்துக்கு ஈரம் கொண்டுபோகிறது என்பதை மீனவருக்கு விளக்கிய போது அவர் நெடுநேரம் பேசாது நடந்தார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மலையில் ஒரு பகல் நடப்போர்க்கு விதி ஒன்றுதான்: நண்பகலுக்கு முன் உயரமான இடத்தைக் கடந்துவிடு, கடக்க முடியாவிட்டால் திரும்பு. நாங்கள் தேநீர்க்கடையில் ஒரு மணி நேரம் இருந்தோம். கொழுந்து நிறுக்கும் இடத்திலே மாணவர்கள் பேச்சுக் கொடுத்து இன்னொரு மணி நேரம் போயிற்று. அதை நான் தடுக்கவில்லை, அதற்காகவே வந்தோம். பன்னிரண்டு மணியளவில் ஒரு தோட்டத்து லயத்தைக் கடந்தபோது வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஐயா, மேல போகாதீங்க. மலையில மூட்டம் எறங்கிருச்சு. இன்னைக்கு இடி இருக்கு" என்றாள். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு மேலே வெயில் அடித்தது. முடியில் மட்டும் ஒரு வெண்மை. "இல்லையம்மா, விரைவாகப் போய்விடுவோம்" என்றேன். லூல்கந்துரவில் மூன்று மணிக்கு ஆசிரியர் சிலரைச் சந்திப்பதாக நான் சொல்லி வைத்திருந்தேன். கூட்டத்துக்குப் பிந்திப் போவதென்றால் அரசியல்காரனுக்கு அவ்வளவு கூச்சம்! எந்தக் கூட்டத்துக்குத்தான் நாம் நேரத்துக்குப் போயிருக்கிறோம்?

அரை மணி நேரத்திற்குள் உலகம் பத்து முழத்துக்குள் சுருங்கிவிட்டது. மூட்டத்திலே முன்னால் போகிறவர் முதுகு தெரிவதில்லை. பாதைக் கம்பம் தெரியவில்லை. தேயிலை வரிசைகளுக்கிடையே ஒவ்வொரு இடைவெளியும் பாதையாகவே தோன்றுகிறது. பிறகு மழை. மலை மழை குளிர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும் என்பதைப் படித்திருக்கிறோம். நனைந்த பருத்திச் சட்டைக்குள்ளே காற்று புகும்போதுதான் அதன் பொருள் தெரியும். எங்கள் கரையின் வெக்கையிலே வளர்ந்த மாணவன் ஒருவன் உதடு நீலமாகிப் பல் கிட்டினான். கேட்டதற்குச் சரியாக விடை சொல்லவில்லை. இன்னொருவன் கான்கட்டில் வழுக்கி முழங்கால் பெயர்ந்தான். பளிச்சென்று ஒளி, எண்ண நேரமில்லாமல் இடி. திறந்த மலைமுதுகிலே ஏழு பேர் நிற்பது மின்னலுக்குக் குறி வைத்துக் கொடுப்பதாகும். இறங்குங்கள் என்று கத்தினேன். வந்த வழியே, ஒருவர் கையை ஒருவர் பிடித்து, இறங்கினோம். முதியவளின் லயத்தை அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சொன்னேனே" என்று கூடச் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு அடுப்பை மூட்டச் சொன்னாள். ஈரச் சட்டையைக் கழற்றுவித்து, தன் மகனுடைய உலர்ந்த சாரத்தையும் கம்பளியையும் மாணவனுக்குக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீரைச் சீனியோடு குடிக்கக் குடிக்க அவனுக்கு உயிர் வந்தது. ஹலாலானதுதானே சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, தன் வீட்டுச் சட்டியைத் தொடாமல், பக்கத்து அறையிலிருந்து பாணும் வாழைப்பழமும் வாங்கிவரச் செய்தாள். அந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். ஆறு பேர் வாழ்கிறார்கள். எங்களோடு பதினான்கு பேர் ஆனோம், பக்கத்து வீட்டுக் குழந்தை உட்பட.

பின்சுவரிலே கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. ஆள்காட்டி விரல் நுழையும். கதவு சட்டத்தில் இடித்துக்கொண்டு முழுவதும் மூடவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். போன மாரியிலிருந்து என்றான் மகன். பிறகு, நான் சட்டத்தரணி என்று அறிந்தவுடன், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட கடதாசி ஒன்றை இரு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தான். வெகு பக்குவமாக வைத்திருந்தார்கள். கறையான் அண்டாமல் கற்பூரம் வேறு. "இது எங்க காணிக் கடதாசிங்க. ஆபீஸ்காரங்க வந்து அளந்துட்டுக் குடுத்தாங்க. எப்ப உறுதி கெடைக்கும்னு படிச்சுச் சொல்லுங்க" என்றான்.

கடதாசி முழுவதும் சிங்களத்தில் இருந்தது. கோட்டிலே நின்று நின்று படித்த சிங்களம் எனக்குக் கைகொடுத்தது. அது காணி உறுதி அன்று. அந்தச் சரிவு நழுவக்கூடியது. தொடர்மழை பெய்தால் குடியிருப்போர் உடனே வெளியேற வேண்டும். மழைக்காலத்தில் பின்பக்க அறைகளில் உறங்கலாகாது என்ற அறிவித்தல் அது. ஓராண்டுக்கு முந்திய திகதி. கீழே ஒரு கையொப்பம், ஒரு முத்திரை. எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அங்குள்ள ஒரு சிறிய எழுதுவினைஞரைத் தண்டித்துவிட்டு விஷயத்தை மூடிவிடுவார்கள்.

படித்துச் சொன்னேன். யாரும் பேசவில்லை. மழை தகரத்தில் அடித்தது. முதியவள்தான் கேட்டாள்: "அப்ப இது காணிக் கடதாசி இல்லீங்களா?"

ஓராண்டு காலம், தங்கள் சாவின் எச்சரிக்கையைத் தங்கள் மண்ணின் உறுதி என்று எண்ணிக் கற்பூரம் வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த மயக்கத்துக்கு அவர்களா பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழும் அரசகரும மொழியாகும் என்பது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் இடம்பெற்றது. 1956இன் 33ஆம் இலக்கச் சட்டத்தால் பறிக்கப்பட்டது, முப்பதாண்டு கழித்து, எத்தனையோ உயிர்களின் விலையில், ஏட்டளவில் திரும்பியது. மறு ஆண்டு வந்த பதினாறாம் திருத்தம் இன்னும் தெளிவானது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்பு பெறவும், தமிழில் விடை பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்று 22ஆம் உறுப்புரை கூறுகிறது. கண்டி மாவட்டத்துத் தோட்டம் என்பதால் சிங்களத்தில் கொடுத்தோம் என்று எந்த அலுவலரும் தப்ப முடியாது. மொழி காரணமாக ஓரம் காட்டலாகாது என்பது 12ஆம் உறுப்புரை. மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் செல்லலாம். ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும்! எழுதியிருப்பது இன்னதென்றே தெரியாதவன், தெரியாமல் இருந்த ஓராண்டு கழித்து, ஒரு மாதக் கெடுவுக்குள் கொழும்புக்கு வர வேண்டுமாம். நல்ல பரிகாரம்!

எச்சரிக்கை விதிகளும் அறிவியல்பூர்வமானவையே. தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தார் வகுத்த அளவுகள் இவை: இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால், வெளியேற்றம். இந்த எண்களில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அளவு கொழும்பிலே இருக்கிறது, மழை லயத்திலே பெய்கிறது. இடையிலே உள்ள தூரத்தைக் கடக்க வேண்டியது மொழி.

கொஸ்லந்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29 காலை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மீது மலை இறங்கியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்த பின் போக்கிடம் கொடுத்தார்களா? போ என்று சொல்வதற்கும் இங்கே போ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். லயம் கம்பெனியுடையது, நிலம் அரசுடையது, 1992 முதல் குத்தகையில், குடியிருப்பவன் இரண்டிலும் சேராதவன். 1948இல் பிரசாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்திலே ஆட்டு மந்தையைப் பங்கிடுவது போல இலட்சக்கணக்கில் பங்கிட்டார்கள். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில் எஞ்சியவர்களுக்கும் உரிமை கொடுத்தார்கள். வாக்குச் சீட்டு கிடைத்தது. காலடி மண் கிடைக்கவில்லை. ஏழு பேர்ச் என்கிறார்கள், பத்துப் பேர்ச் என்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் பேர்ச் வளர்கிறது, உறுதி மட்டும் வளரவில்லை. 

அன்று நாங்கள் லூல்கந்துர போய்ச் சேரவில்லை. மழை விட்டதும் மாலையில் கலஹாவுக்கே திரும்பினோம். ஊர் வந்த மறு வாரம் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 22ஆம் உறுப்புரையைச் சுட்டித் தமிழில் எழுதினேன். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு, 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முறைப்பாடொன்றையும் எழுதத் தொடங்கினேன். வரைவை இரண்டு முறை திருத்தினேன். இன்னும் கூராக இருக்கட்டும் என்று மூன்றாவது முறையும் எடுத்து வைத்தேன்.

நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தது.

நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டங்களில் கண்டி முன்நின்றது. நுவரெலியாவிலும் பதுளையிலும் மலைகள் பிளந்து வீடுகளை மூடின. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற குற்றச்சாட்டு அந்த நாட்களிலேயே எழுந்தது. என் மேசையில் முறைப்பாட்டு வரைவு கிடந்தது. நான் சொற்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மனிதன்.

தொலைபேசி ஐந்து நாள் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் முதியவளின் மகன் பேசினான். எல்லோரும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். என் மொழிபெயர்ப்புத்தான் காப்பாற்றியது என்று அவன் மரியாதைக்காகச் சொன்னான். உண்மை அதுவன்று. அன்று மாலை பின்புறக் கானிலே தெளிந்து ஓடும் நீர் திடீரெனச் செம்மண் குழம்பாக மாறியதை முதியவள் கண்டாள். மண் உள்ளே அசைகிறது என்பதற்கு அது அடையாளம். ஊற்று நீர் கலங்குவதும், மரம் சாய்வதும், கதவு இறுகுவதும், சுவர் புதிதாக வெடிப்பதும் ஆய்வு நிறுவனத்தாரின் பிரசுரங்களில் உள்ள அடையாளங்களே. அவள் பிரசுரம் படித்தவள் அல்லள். லயத்தார் அனைவரையும் திட்டிக் கிளப்பிக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனாள். இரவிலே கடைசி இரண்டு அறைகள் சரிந்தன. மற்றவை நிற்கின்றன. நிற்பதனால், இதை எழுதும் நாளில், அவர்கள் மீண்டும் அதே அறையில் இருக்கிறார்கள். வேறெங்கே இருப்பார்கள்?

இங்கே என்மேல் எனக்கொரு வழக்கு உண்டு. தமிழில் எச்சரிக்கை வேண்டும் என்று இவ்வளவு வாதாடுகிறேனே, தெளிந்த தமிழிலே, முகத்துக்கு நேரே, அவள் எனக்கு எச்சரிக்கை சொன்னபோது நான் கேட்டேனா? முத்திரை இல்லை, கையொப்பம் இல்லை, விறகு அடுக்கும் கிழவி. ஆகவே கேட்கவில்லை. பிறர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். சிங்களத்தில் கடதாசி கொடுத்த அலுவலருக்கும் எனக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

எங்கள் கரையார் இதைத் தூரத்து விஷயம் என்று எண்ணலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்த போது இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எங்கும் ஜனாஸாக்களை அடக்க இடமும் ஆளும் போதவில்லை. அன்று எந்த மொழியிலும் எச்சரிக்கை வரவில்லை. அந்தச் சாவுகளின் பின்னரே 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. எங்கள் பிள்ளைகளின் மண்ணறைமீது எழுதப்பட்ட சட்டம் அது. அதன் பயன் மலையிலே ஒரு மொழிக்காரனுக்கு எட்டி, இன்னொரு மொழிக்காரனுக்கு எட்டாமல் போகிறதென்றால், கேட்கும் உரிமை எவரினும் எங்களுக்கு அதிகம். 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில் வெள்ளத்திலே உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸா மாணவர்களை அதற்குள் மறந்தோமா? தண்ணீர் ஏறிய பாதையில் போகாதே என்று தடுத்துத் திருப்ப ஒருவர் நின்றிருந்தால் என்று அன்று அழாத தாய் நிந்தவூர்ப் பக்கத்தில் இல்லை.

மேலே இருப்பவர் தீட்டிய திட்டம் கீழே இருப்பவர் தலையில் இறங்குவதற்கு எங்கள் துறைமுகத்தை விடவா சாட்சி வேண்டும்? மர்ஹூம் அஷ்ரஃப் கண்ட கனவு அது. அவர் 2000 செப்டெம்பர் 16 அன்று அம்பாறை நோக்கிப் பறந்த ஹெலிகொப்டர் அரநாயக்க ஊரகந்த மலையில் வீழ்ந்தது. எம் கரையினர்க்கு மலை என்றால் முதலில் நெஞ்சில் படும் பெயர் அது. பின்னர் டென்மார்க்கின் கடனில் கட்டி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி கொடியசைத்துத் திறந்தார்கள். வணிகக் கப்பல் வரவில்லை. அலைதாங்கி மணலோட்டத்தை மறித்தது. வாயிலில் மணல் மூடியது. வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர்க் கரையையும் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் வேரோடு கடலில் விழுந்தன. அலைதாங்கி கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை போகும் என்பது பொறியியலாளர் அறியாததன்று. கரையில் வாழ்ந்தவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை. 

மலைப்பாதையை மூடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் தோட்டத்து இளைஞர் சிலருக்கு வழிகாட்டித் தொழிலும், சில வீட்டாருக்குத் தேநீர்க்காசும் கிடைக்குமானால் நல்லதே. ஆனால் நடக்க வரும் விருந்தாளிக்கு வானிலைக் குறிப்பு கைப்பேசியில் அவன் மொழியில் வருகிறது. அவன் பார்த்து இரசிக்கும் லயத்தில் உள்ளவனுக்கு வருவதில்லை. பாதைக்குக் கம்பம் நட்ட கையால் லயத்துக்கு ஒரு மழைமானி நடுவது அரிதா? ஒரு போத்தலும் ஒரு அளவுகோலும் போதும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஓர் இளைஞனோ யுவதியோ பயிற்றப்பட்டு, மூன்று அங்குலம் கண்டால் கோயில் மணியை அடிக்கட்டும். எங்கள் ஊர்களிலே பள்ளிவாசல் ஒலிபெருக்கி செய்யும் வேலையை அங்கே மணி செய்யும். அதிகாரிகளின் கடதாசி பிறகு வரட்டும், தமிழில்.

நம் இளைஞர்கள் இனியும் மலைக்குப் போகட்டும். விடியலில் தொடங்குங்கள், ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் பிற்பகலை நம்பாதீர்கள், மாற்றுச் சட்டையை நனையாத உறையில் வையுங்கள், கால்களுக்கு உப்போ சவர்க்காரமோ தடவிக்கொள்ளுங்கள், அட்டைக்கு அரசியல் தெரியாது. போக வேண்டாம் என்று ஊரார் சொன்னால் திரும்பிவிடுங்கள். 

முறைப்பாட்டை இறுதியில் அனுப்பிவிட்டேன். அதோடு, தோட்டக் குடியிருப்புகளுக்கு இதுவரை சிங்களத்தில் மட்டும் கொடுக்கப்பட்ட மண்சரிவு அறிவித்தல்கள் அனைத்தையும் தமிழில் மீண்டும் வழங்கவும், வெளியேறச் சொல்லப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியுடன் கூடிய காணியைக் குறித்துக் கொடுக்கவும் கோரும் மனுவொன்று தயாராகியிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒலுவில் துறைமுக வாயிலில் கையொப்பம் பெறப்படும். மீனவர் இருவரும் மேசையில் இருப்பார்கள். தங்கள் கைகளில் சிங்களத்தில் மட்டும் கடதாசி வைத்திருப்போர், எந்த ஊராராயினும், பிரதியோடு வரலாம், படித்துச் சொல்கிறேன்.